ஓர் ஆட்டோ போகும் அளவுக்கு வழி

மாற்றுப்பாதைப் பலகையில் என் சொந்தக் கைப்பேசி எண்ணைப் போடச் சொன்னவர் என் மேலதிகாரி. வேலை நடக்கிற இடத்தில் பொறுப்பான ஒருவருடைய எண் பொதுமக்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று ஆய்வுக் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் எண்ணைப் போடலாமே என்றேன்.

"அதை யாரு எடுக்கப் போறா? உங்க நம்பரையே போட்டிருங்க. நீங்க தனியாத்தானே இருக்கிய, எப்ப அடிச்சாலும் வீட்டுல யாருக்கும் தொந்தரவு இல்ல."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. கோப்பில் இருக்கிற ஒரு விவரத்தைப் படிப்பதுபோலத்தான் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் அன்றைக்கு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது அந்த வார்த்தை கூடவே வந்தது.

நான் நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளர். சேரன்மகாதேவிப் பக்கம் பிறந்தவன் என்றாலும் வேலைக்காலம் முழுக்க வடமாவட்டங்களில் போய்விட்டது. ஓய்வுபெற மூன்று வருஷம் இருக்கும்போதுதான் திருநெல்வேலிக்கு மாறுதல் கிடைத்தது. கடைசிக் காலத்தை ஆற்றுத் தண்ணீர் குடித்துக்கொண்டு ஊர்ப்பக்கம் கழிக்கலாம் என்று நானும் மனைவியும் பாளையங்கோட்டையில் இரண்டு அறை உள்ள வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். சாமான்களை லாரியில் இருந்து இறக்கிய அடுத்த மாதமே ஓசூரில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று மனைவி போனாள். பிறகு, குழந்தை நடக்கட்டும் என்றாள். நடந்தது. வாய் திறந்து பேசட்டும், அப்புறம் காப்பகத்தில் விடலாம் என்றாள். அதிலும் நியாயம் இருந்தது. யாரையும் குறைசொல்ல இடமில்லாத தனிமை அது. பாதி அட்டைப்பெட்டிகளை நான் பிரிக்கவே இல்லை. மெஸ்ஸில் சாப்பாடு. சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோவில் பேரன். அவ்வளவுதான் அந்த வீடு.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, பாளையங்கோட்டையில் இருந்து மேலப்பாளையம் போகிற வழியில் நான்கு சாலைகள் கூடுகிற ஒரு சந்திப்பைச் சீர்செய்வது. எங்கள் ஊரில் ஜங்ஷன் என்றால் ரயிலடி மட்டும்தான். இந்த மாதிரி இடத்தை எல்லாரும் முக்கு என்பார்கள். இது நாலுமுக்கு. முக்கை ஒட்டிக் கால்வாய் ஓடுகிறது. அதன் மேல் பழைய காலத்துச் சின்னப் பாலம் ஒன்று, ஒரு பஸ் வந்தால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. பாலத்தை இடித்துவிட்டு அகலமாகக் கட்ட வேண்டும், நடுவில் ரவுண்டானா, நான்கு பக்கமும் நடைபாதை, சிக்னல். கட்டுமானத்தை ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார். அது நடக்கிற காலத்தில் வண்டிகளை எந்த வழியாக அனுப்புவது, எதை எப்போது அடைப்பது, யாரை எப்போது விடுவது என்பதெல்லாம் என் பொறுப்பு.

வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட ஒரு நிமிடம் ஆகாது. நான் போட்ட ஓர் அம்புக்குறி வழியாக டவுண் பஸ் வளைந்து போக ஒரு வீட்டின் இரண்டு படிக்கட்டுகளை உடைக்க வேண்டியிருந்தது. இன்னொரு அம்புக்குறி ஒரு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றது. காலையில் அங்கே நின்று பார்த்த பிறகு அதை அழித்துவிட்டு வேறு போட்டேன். போக்குவரத்துக் காவல்துறையும் பஸ் கழகத்துக்காரர்களும் வந்து பார்த்து, திருத்தி, கையெழுத்துப் போட்டார்கள். சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த பீப்பாய்களில் மணலை நிரப்பி வரிசையாக வைத்தோம். இரும்புத் தடுப்புகளை நிறுத்தினோம். "பணி நடைபெறுகிறது, மாற்றுப்பாதையில் செல்லவும்" என்ற பலகைகள் நான்கு பக்கமும் ஏறின. கீழே என் எண்.

பலகை ஏறிய முதல் நாள் காலை ஆறு மணிக்கே மணி அடித்தது. எடுத்தேன்.

"ஏலே, உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கா? எந்தப் பக்கம் போனாலும் அடைச்சு வச்சா மனுசன் பறந்தா போவான்?"

"சொல்லுங்க, நீங்க எங்க போகணும்?"

"யாரு பேசுதது?"

"அங்க பொறுப்புல இருக்க இன்ஜினியர்தான்."

"நீங்களேவா எடுக்கிய? மன்னிச்சுக்கிடுங்க சார். யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் ஏசினேன்."

இப்படித்தான் பெரும்பாலும். கல்யாண வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை கார் வர வழி கேட்டார்கள். தசராவுக்கு மாலை போட்ட ஒருவர், குலசேகரன்பட்டினம் போகிற ஸ்பெஷல் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். பீடிக் கடைக்குச் சுற்றிய பீடியைத் தட்டில் அடுக்கிக்கொண்டு போகிற பெண் ஒருத்தி, நடந்து போகவாவது ஒரு சந்து விடக் கூடாதா என்று கேட்டாள். அவள் கேட்ட பிறகுதான் நான் அதை யோசித்தேன், அன்றைக்கே பீப்பாய்களைத் தள்ளிவைத்து நடக்க வழி விட்டோம். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது அழைப்பு. மதியம் சாப்பிட உட்கார்ந்தால் நான்கு தடவை எழுந்திருக்க வேண்டும். எரிச்சல் வரத்தான் செய்தது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய மாதங்களில் மனைவியையும் ஆபீஸையும் விட்டால் கடன் வேண்டுமா என்று கேட்கிற குரல்கள்தான் என்னைக் கூப்பிட்டன. இப்போது ஊரே கூப்பிட்டது, திட்டுவதற்கானாலும்.

பத்தாவது நாளோ பதினைந்தாவது நாளோ, அந்தப் பெரியவர் கூப்பிட்டார். ரொம்பவும் தணிந்த குரல். மேலப்பாளையத்தில் இருந்து பேசுவதாகச் சொன்னார்.

"சார், எங்க வீட்டம்மாவுக்கு ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் செய்யுதாங்க. செவ்வாய், வியாழன், சனி. காலையில ஏழு மணிக்கு மெஷின்ல படுக்கணும். முன்னெல்லாம் ஆட்டோவுல கால் மணி நேரம். இப்ப சுத்திப் போனா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது. லேட்டானா அவ்வளவையும் நம்ம நேரத்துல கழிச்சிருதாங்க. அடுத்த ஆளு காத்துட்டு நிப்பாங்கல்லா?"

"இன்னும் சீக்கிரமாக் கெளம்ப முடியாதா, பாய்?"

"கெளம்பிப் பாத்தோம் சார். ஆட்டோவுல அம்புட்டு நேரம் குலுங்கினா அவளுக்குத் தாங்கல."

முக்கில் ஒரு ஓரமாக வேலை வண்டிகள் போவதற்கென்று ஒற்றைத் தடம் விட்டிருந்தோம். ஆம்புலன்ஸைத் தவிர வேறெதையும் அதில் விடக் கூடாது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஒரு ஆட்டோவை விட்டால் நூறு ஆட்டோ வந்து நிற்கும். அதனால்தான் அந்த விதி. பெரியவரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை, கெஞ்சவும் இல்லை. பதிலுக்காகச் சும்மா காத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமைதானே? ஆறே காலுக்கு வாங்க. நான் அங்க நிக்கேன்" என்றேன்.

மறுநாள் ஆறு மணிக்கே போய்விட்டேன். இன்னும் வேலை ஆரம்பிக்காத முக்கு. கால்வாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆட்டோ வந்து தடுப்பின் முன்னால் நின்றது. முன்பக்கம் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவர் இறங்கி வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைத் தாடி, இடுப்பில் கட்டம் போட்ட சாரம், தோளில் ஒரு துண்டு. பின்சீட்டில் வெள்ளைத் துப்பட்டியால் போர்த்திக்கொண்டு அந்த அம்மாள் படுத்தவாக்கில் சாய்ந்திருந்தார். நான் தடுப்பைத் தூக்கி நகர்த்தினேன். ஆட்டோ ஜல்லியின் மேல் பைய ஏறி, அந்தப் பக்கம் போய், இரண்டாவது தடுப்பையும் தாண்டியது. மொத்தம் இரண்டு நிமிடம்.

அப்படியே வழக்கமாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆறே காலுக்கு நான் அங்கே இருப்பேன். ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசரிடம் சொன்னால் அவரே திறந்துவிட்டிருப்பார். ஆலங்குளத்துக்காரர், தங்கமான மனிதர். ஆனால் விதியை மீறுகிறவன் நானே நின்று மீறுவதுதான் முறை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. இன்னொரு பாதி, அந்த மூன்று நாளும் நான் ஐந்து மணிக்கே விழித்துக் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன் என்பது. யாரோ இரண்டு பேர் நான் வருவேன் என்று நம்பிப் புறப்படுகிறார்கள். அந்த எண்ணம் நன்றாக இருந்தது.

மனைவியை மெஷினில் விட்டுவிட்டால் நான்கு மணி நேரம் அவருக்கு வேலையில்லை. சில நாள் நடந்து முக்குக்கு வந்துவிடுவார். அடுக்கி வைத்த நடைபாதைக் கற்களின் மேல் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பார். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். ஒரு நாள் அவராகவே சொன்னார்.

"முப்பது வருஷம் நான் அங்கன சவுதியில, அவ இங்கன. லீவுக்கு வந்த நாளை எல்லாம் சேத்துப் பாத்தா மூணு வருஷம் வராது சார். புள்ளைக படிச்சதும் எனக்குத் தெரியாது, எங்க உம்மா மவுத்தாகி அடக்கினதும் டெலிபோன்லதான் தெரியும். எல்லாத்தையும் அவதான் பாத்தா. இனிமே சேந்து இருக்கலாம்னு வந்தேன். வந்து எட்டு மாசத்துல கிட்னி ரெண்டும் போச்சுன்னுட்டாங்க."

நான் இன்னொரு டீ சொன்னேன்.

"இப்ப வாரத்துக்கு மூணு நாள் ஒரே ஆட்டோவுல போறோம்லா" என்று சொல்லிச் சிரித்தார். "நீங்க? வீட்டுல எங்க இருக்காங்க?"

சொன்னேன். பேரன் நடக்கிறதையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "போய்ப் பாத்துட்டு வாங்க சார், ரோடு எங்கயும் ஓடிராது" என்றார்.

அந்த அம்மாள் என்னிடம் அதிகம் பேசியதில்லை. தண்ணீர் குடிக்கக் கட்டுப்பாடு என்பதால் வாயில் எப்போதும் காய்ந்த நெல்லித்துண்டு ஒன்றை ஒதுக்கியிருப்பார். ஒரு வியாழக்கிழமை, தடுப்பு சிக்கிக்கொண்டு நகர மறுத்தபோது தலையை நீட்டிக் கேட்டார்.

"இங்கன என்ன தம்பி கட்டுதிய?"

"ரவுண்டானாம்மா. எல்லா வண்டியும் அதைச் சுத்தித்தான் போகும்."

"சுத்திப் போறதுக்கா இம்புட்டுப் பாடு? இப்பவும் சுத்தித்தானே போறாங்க!"

டிரைவர் சிரித்தார், பாய் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். இடையில் பேரன் போனைப் பிடுங்கிவிட்டான். அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னபோது அதில் சிரிப்பு இல்லாமல் போய்விட்டது.

பேரனின் இரண்டாவது பிறந்தநாளுக்கு ஓசூர் போனேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ். சனிக்கிழமை காலையில் ஆட்டோ வரும், விட்டுவிடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். பாயிடமும் சொன்னேன். "சந்தோசமாப் போயிட்டு வாங்க" என்றார்.

சனிக்கிழமை விடிகாலையில் மகள் வீட்டில் இறங்கினேன். குழந்தை தூங்குகிறான், போனைச் சத்தமில்லாமல் வையுங்கள் என்று மனைவி சொன்னாள். வைத்தேன். அலுப்பில் நானும் படுத்துவிட்டேன். பிறகு எழுந்ததும் பேரன் மடியில் வந்து உட்கார்ந்தான். முதலில் கொஞ்சம் மிரண்டான், பின்னே மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினான். வீடெல்லாம் பலூன். பத்து மணிக்குத்தான் போனைப் பார்த்தேன். பாயிடமிருந்து ஐந்து அழைப்புகள். முதல் அழைப்பு ஆறு இருபதுக்கு.

பால்கனியில் போய்க் கூப்பிட்டேன்.

"பரவால்ல சார். சூப்பர்வைசரு இல்ல. காய்ச்சல்னு வரலையாம். வாட்ச்மேன் புது ஆளு, அவருக்கு ஒண்ணும் தெரியாது. எழுத்துல ஏதும் இருந்தாக் காட்டுங்கன்னாரு. அவரு சொல்லுததும் சரிதானே? அரை மணி நேரம் நின்னு பாத்துட்டுச் சுத்திப் போயிட்டோம்."

"எத்தன மணிக்குப் போய்ச் சேந்திய?"

"எட்டரை ஆயிட்டு. ரெண்டரை மணி நேரம் ஓட்டியிருக்காங்க. செவ்வாய்க்கெழம சேத்துப் பாத்துக்கிடலாம்னு டாக்டரு சொன்னாரு. நீங்க பேரனைப் பாருங்க சார்."

பின்னால் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் மகள் வீட்டுச் சுவரில் அது இருக்கிறது.

நான் செய்திருக்க வேண்டியது ஒரே வரி. "செவ்வாய், வியாழன், சனி காலையில் இந்த ஆட்டோவை விடவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாட்ச்மேன் கூண்டில் ஒட்டியிருந்தால் போதும். நான் எழுதவில்லை. எழுதினால் விதியை மீறியதற்கு அதுவே சாட்சி ஆகிவிடும் என்று பயந்தேன். அதை அப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆட்டோ வந்தது. அந்த அம்மாளின் முகமும் கையும் வீங்கியிருந்தன. கண்ணைத் திறக்கவில்லை. தடுப்பை நகர்த்தினேன். பாய் வழக்கம்போல இறங்கிச் சலாம் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். சனிக்கிழமையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், பேசவில்லை. அடுத்த வாரம் மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆட்டோ வரவில்லை. ஆனாலும் வழக்கமான நாட்களில் ஆறே காலுக்கு நான் போய் நின்றேன். எதற்கு என்று சூப்பர்வைசர் கேட்கவில்லை. காய்ச்சலில் படுத்ததற்காக அவரும் என்னிடம் இரண்டு மூன்று தடவை வருத்தப்பட்டார். உங்கள் தப்பு இல்லை என்றேன்.

மூன்றாவது வாரம், மதியம் ஒரு மணி இருக்கும். பாயின் பெயர் போனில் வந்தது. எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், வீட்டுல மவுத்தாயிட்டாங்க. காலையில. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் மையத்தை எடுக்கணும். எங்க அடக்கத்தலம் உங்க முக்கைத் தாண்டிக் கால்வாய்க்கு அங்கிட்டு இருக்கு. வழி கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்றேன்.

ஆனால் வழி இல்லை. அந்த ஒற்றைத் தடத்தில்தான் முந்தின நாள் குடிதண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். ஆள் இடுப்பளவு ஆழம். கீழே சேறு. பீடித்தட்டுக்காரப் பெண்கள் போகிற நடைச்சந்து ஒரு ஆள் நுழையும் அளவுதான். தோளில் மையத்துப் பெட்டியான சந்தூக்கைச் சுமந்து வருகிற கூட்டம் அதில் எப்படிப் போகும்? சுற்றுப்பாதையில் போனால் எட்டு கிலோமீட்டர், லாரிகளுக்கு நடுவே.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் வாட்சைப் பார்த்தார். "மூணு மணி நேரம் இருக்கு சார். பாத்துருவோம்" என்றார். குழாய் போடுகிறவர்களை நிறுத்தினோம். பாதிப் பள்ளத்தை மண்வாரி இயந்திரத்தால் மூடினோம். மீதியில் குழாய் திறந்து கிடந்ததால் மூட முடியவில்லை. பாலம் வேலைக்கு வைத்திருந்த கனத்த இரும்புத் தகடுகளைக் கொண்டுவந்து குறுக்கே போட்டோம். தகடு வழுக்கும் என்று ஒருவர் சொன்னார். மேலே மணலைப் பரப்பினோம். ஓரத்தில் கயிறு கட்டினோம். பிறகு நான் மேலப்பாளையப் பக்கத்தில் இருந்து நடந்து வந்து பார்த்தேன். சூப்பர்வைசரும் இன்னும் மூன்று பேரும் சாரம் கட்டுகிற பலகை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு என் பின்னால் நடந்து வந்தார்கள். நான்கு பேர் இணையாகத் தூக்கிவர அகலம் போதுமா என்று பார்ப்பதற்கு. போதும். யாரும் சிரிக்கவில்லை.

நாலே முக்காலுக்குக் கூட்டம் வந்தது. நூறு பேருக்கு மேல் இருக்கும், எல்லார் தலையிலும் தொப்பி, ஏதோ ஓதிக்கொண்டு வேகமாக வந்தார்கள். வேலை நடக்கிற எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொல்லியிருந்தேன். சந்தூக்கின் மேல் பச்சைத் துணி. பாய் அதன் முன்காலைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். தகட்டில் ஏறும்போது கால் தடுமாறக் கூடாதே என்று நான் அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணலில் செருப்பில்லாத பாதங்கள் பதிந்து பதிந்து போயின. என்னைத் தாண்டும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் கால்வாயின் அந்தப் பக்கம் வளைந்து மறைந்தது. நானும் பின்னாலேயே போயிருக்கலாம். யாரும் வேண்டாம் என்றிருக்க மாட்டார்கள். தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில், வேலை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பாய் முக்குக்கு வந்தார். நடைபாதைக் கற்களின் மேல் உட்கார்ந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அஞ்சு மணிக்கு முழிச்சிருதேன் சார். அவளை எழுப்பணும், வெந்நி வைக்கணும்னு எந்திரிச்சிருதேன். பின்ன என்ன செய்யன்னு தெரியல."

அப்போதுதான் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்ததை, எழுதிக்கொடுக்காமல் போனதை, ஏன் எழுதவில்லை என்பதை. ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லும்போது நான் அவரைப் பார்க்கவில்லை.

அவர் டீயைக் குடித்து முடித்துக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு ஆட்டோவுல சுத்திப் போகும்போது அவ கேட்டா, அந்தத் தம்பி ஏன் இல்லன்னு. பொண்டாட்டி புள்ளையைப் பாக்க ஓசூர் போயிருக்காருன்னேன். 'நல்லது, போகட்டும். இந்த மனுசன் மாதிரி முப்பது வருஷம் கழிச்சா போறது?'ன்னு என்னைச் சொன்னா. அன்னைக்கு வழியெல்லாம் என்னைத்தான் ஏசிக்கிட்டே வந்தா சார். ரொம்ப நாள் கழிச்சு."

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஒண்ணரை மணி நேரத்துல உசுரு போகல சார். டாக்டரு சொன்னாரு, நானும் கேட்டேன்" என்றார்.

அவரும் கேட்டிருக்கிறார். அந்தச் சந்தேகம் அவருக்கும் இருந்திருக்கிறது. டாக்டர் சொன்னது உண்மையா, ஆறுதலா என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

அதன் பிறகு இரண்டு மூன்று மாதம் வாரத்தில் ஒரு நாளாவது வந்துகொண்டிருந்தார். பேச்சு அதிகம் இருக்காது. பாலத்துக்குக் கம்பி கட்டுவதைப் பார்ப்பார், ரவுண்டானா வட்டத்துக்குக் கயிறு பிடிப்பதைப் பார்ப்பார். ஒரு நாள் மட்டும், வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்றார். கட்டாயம் வருகிறேன் என்றேன்.

முக்கு திறப்பு விழா எப்போதும்போல நடந்தது. பெரியவர்கள் வந்து ரிப்பன் வெட்டினார்கள். பொன்னாடை, நாதஸ்வரம், போட்டோ. நான் பின்வரிசையில் நின்று, முதல் பஸ் ரவுண்டானாவைச் சரியாக வளைகிறதா என்று பார்த்தேன். வளைந்தது. மறுநாள் பீப்பாய்களையும் பலகைகளையும் லாரியில் ஏற்றினோம். ஒரு வாரம் வரை இரண்டொருவர் பழக்கத்தில் கூப்பிட்டார்கள். பிறகு நின்றுவிட்டது. மெஸ்ஸில் நான் ஒரே இருப்பில் சாப்பிட்டு எழுந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

பாய் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாராவாரம் நினைத்தேன். அடுத்த வேலை வள்ளியூர்ப் பக்கம் வந்தது, அவரைப் பார்க்கப் போவது தள்ளிப்போனது. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போனேன். தெருவை விசாரித்துக் கண்டுபிடித்தேன். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு வாசலில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"மகன் வந்து சார்ஜாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாருல்லா. போய் ஒரு மாசம் ஆச்சு. இனிமே இங்கன தனியா இருந்து என்ன செய்யன்னு. நீங்க யாரு? அவரு வந்தா யாரு வந்தாங்கன்னு சொல்லணும்?"

ரோட்டு வேலை பார்த்தவன் என்பதா, சிநேகிதன் என்பதா? "அவருக்குத் தெரிஞ்சவன்" என்றேன். அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் உட்காரச் சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பழத்தை அவள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அவருடைய பழைய எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்றது.

இந்த வருஷம் ஆடி மாதம் மனைவி பத்து நாள் வந்து தங்கினாள். அட்டைப்பெட்டிகளை எல்லாம் பிரித்து அடுக்கினாள். முன்னீர்பள்ளத்தில் தூரத்துச் சொந்தம் ஒன்றில் காதுகுத்து. பஸ்ஸில் போனோம். கூட்டம். அவளுக்கு முன்பக்கம் பெண்கள் வரிசையில் இடம் கிடைத்தது, நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் நாலுமுக்கை நெருங்கியபோது அவளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று பார்த்தேன். அவள் குனிந்து பேரனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். பஸ் வட்டத்தைச் சுற்றியது, புதுப் பாலத்தைத் தாண்டியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இறங்கியதும் சொன்னேன். "வர்ற வழியில ஒரு ரவுண்டானா வந்துதுல்லா, அது நான் பாத்த வேலை."

"எதுங்க? கவனிக்கலியே" என்றாள். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, "திரும்பும்போது காட்டுங்க" என்று முன்னால் நடந்தாள்.